சமோயெட் நாய்க்கு என்ன சாப்பாடு போடுவது? சரிவிகித உணவின் கணக்கு, ஆரம்பத்தில் இருந்து

சமோயெட் வளர்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே சாப்பாட்டுக்கு வந்துவிடும், குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கும். குட்டியை விற்றவர் "கோழியும் சோறும் போதும், நாங்க அதுதான் போடுறோம்" என்று சொல்லி அனுப்பியிருப்பார். இன்னொருத்தர் "இது பனிநாய், ஓநாய்க்குச் சொந்தம், வெறும் கறிதான் கொடுக்கணும்" என்பார். கடைக்காரர் இருப்பதிலேயே விலை கூடிய மூட்டையை எடுத்து வைப்பார், கூடவே எலும்பு பலத்துக்கு என்று ஒரு கால்சியம் பாட்டிலும் வரும். எல்லாருமே சரிவிகித உணவு என்றுதான் சொல்கிறார்கள். எதற்கும் எதற்கும் இடையே விகிதம், எவ்வளவுக்கு எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால் மட்டும் பதில் வராது.

பாதிக்கப்படுவது வாய் பேசாத ஒரு ஜீவன், அதுவும் என்ன வைத்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிடும் ஜீவன் என்பதால், இந்தக் கணக்கை ஒருமுறை பொறுமையாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. நாய் வளர்ப்பில் முன் அனுபவம் இல்லாதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பனியில் வண்டி இழுத்த நாயும் ஹாலில் படுத்திருக்கும் நாயும்

சமோயெட்டின் பூர்வீகம் ரஷ்யாவின் வடமேற்குச் சைபீரியா. அங்கே நெனெட்ஸ் போன்ற மக்கள் ரெயின்டீர் மந்தைகளை மேய்க்கவும், வேட்டைக்கும், பனிச்சறுக்கு வண்டி இழுக்கவும், ராத்திரியில் கூடாரத்துக்குள் கதகதப்பாகப் பக்கத்தில் படுக்கவும் இந்த நாய்களை வைத்திருந்தார்கள். மீனும் ரெயின்டீர் கறியின் மிச்சமும்தான் அவற்றின் சாப்பாடு. 1889-ல் எர்னஸ்ட் கில்பர்ன் ஸ்காட் என்ற ஆங்கிலேயர் ரஷ்யாவின் ஆர்க்கேஞ்சல் பகுதியில் இருந்து ஒரு குட்டியை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். மேற்கு நாடுகளில் இந்த இனத்தின் கதை அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

"கறி மட்டும்தான் கொடுக்கணும்" என்கிற வாதம் இந்தப் பூர்வீகத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. ஆனால் அது பாதிக் கதையைத்தான் சொல்கிறது. அலாஸ்காவில் நடக்கும் இடிடராட் வண்டிப் பந்தயத்தில் ஓடும் நாய்கள், கிட்டத்தட்ட சமோயெட் எடையில் இருக்கிறவை, பந்தய நாட்களில் ஒரு நாளைக்கு 10,000 கலோரி வரை எரிக்கும். (கலோரி என்பது உணவில் உள்ள சக்தியின் அளவு. நான் இங்கே கலோரி என்று எழுதுவதெல்லாம் பாக்கெட்டில் கிலோகலோரி என்று அச்சிட்டிருப்பதைத்தான்.) காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, மீதி நேரம் ஏசிக்குக் கீழே தூக்கம் என்று இருக்கும் வீட்டு சமோயெட்டுக்கு 1,000 கலோரியை ஒட்டி இருந்தால் போதும். பத்தில் ஒரு பங்கு! முன்னோர்களின் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னோர்களின் உழைப்பை விட்டுவிட்டால் அந்தக் கொழுப்பெல்லாம் எங்கே போகும்?

இரண்டாவது விஷயம், நாய் ஓநாய் இல்லை. சோறு, கோதுமை, கிழங்கு இவற்றில் இருக்கும் மாவுச்சத்தை உடைக்க அமைலேஸ் என்ற செரிமானப் பொருள் உடம்புக்கு வேண்டும். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், அந்த அமைலேஸைச் செய்யும் மரபணு ஓநாயிடம் இரண்டே பிரதிகளாக இருக்க, நாய்களிடம் நாலில் இருந்து முப்பது வரை இருப்பதைக் கண்டார்கள். மனிதர்கள் விவசாயம் செய்த இடங்களில் மிச்சம் மீதியைத் தின்று தின்று நாய் மாறியிருக்கிறது. ஹஸ்கி, கிரீன்லாந்து நாய் போன்ற துருவப் பக்கத்து இனங்களில் அந்தப் பிரதிகள் குறைவு என்பதும் பிறகு தெரியவந்தது, அங்கே வயல் ஏது. ஆனால் குறைவு என்பதால் செரிக்கவே செரிக்காது என்று ஆகிவிடாது. நன்றாக வெந்த சோறு சமோயெட்டுக்கு விஷம் இல்லை, தட்டு முழுக்க அதுவாகவே இருக்கத் தேவையும் இல்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பூர்வீகம் ஒரு துப்பு கொடுக்கும், ஆனால் தட்டை முடிவு செய்வது உங்கள் நாய் இன்றைக்கு எப்படி வாழ்கிறது என்பதுதான்.

விகிதம் என்றால் என்ன

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் கலவை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சுக்கு ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நாலு பங்கு மணல், செங்கல் கட்டுக்கு ஒன்றுக்கு ஆறு. மணல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சிமென்ட் குறைந்தால் பூச்சு உதிரும், சிமென்ட்டை அள்ளிக் கொட்டினால் பலம் கூடாது, வெடிப்புதான் விடும்.

நாயின் உணவும் அப்படித்தான். புரதம், கொழுப்பு, மாவுச்சத்து ஆகிய மூன்றும் சக்தி கொடுப்பவை. இதில் புரதமும் கொழுப்பும் உடம்பைக் கட்டவும் வேண்டும், மாவுச்சத்து முக்கியமாக எரிபொருள்தான். கால்சியம், பாஸ்பரஸ், ஜிங்க், அயோடின் போன்ற தாதுக்களும் வைட்டமின்களும் சக்தி கொடுக்காது, ஆனால் அவை இல்லாமல் மற்றவை வேலை செய்யாது. சரிவிகிதம் என்பது இவை ஒன்றுக்கொன்று எந்த அளவில் இருக்கின்றன, நாய் ஒரு நாளில் சாப்பிடும் கலோரிக்கு எந்த அளவில் இருக்கின்றன என்கிற இரண்டு கணக்கும் சேர்ந்தது. தட்டில் எத்தனை வகை இருக்கிறது, எவ்வளவு புதுசு, கிலோ என்ன விலை என்பதெல்லாம் வேறு கேள்விகள்.

இந்த அளவுகளை ஆராய்ச்சிகளின் அடிப்படையில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆஃப்கோ என்ற அமைப்பின் பட்டியலும் ஐரோப்பாவில் ஃபெடியாஃப் என்ற அமைப்பின் பட்டியலும்தான் உலகம் முழுக்கப் பெரும்பாலும் பின்பற்றப்படுபவை. கீழே நான் ஒப்பிடுவது ஆஃப்கோ பட்டியலோடு.

ஒரு தட்டு கோழிச் சோற்றைப் பிரித்துப் பார்ப்போம்

எல்லாரும் போடும் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 300 கிராம், வெந்த வெள்ளைச் சோறு 400 கிராம். ஏறத்தாழ 1,000 கலோரி வரும், ஒரு வீட்டு சமோயெட்டின் ஒரு நாள் சாப்பாடு. பார்க்கவே நன்றாக இருக்கும், நாயும் நக்கித் துடைத்துவிடும்.

புரதம் 100 கிராமுக்கு மேல் இருக்கிறது. வளர்ந்த நாய்க்கு 1,000 கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் இருந்தால் போதும் என்பதால் இது இரண்டு மடங்குக்கும் அதிகம். நல்லது. இப்போது கால்சியம். வேண்டியது 1,250 மில்லிகிராம். கோழியில் இருந்து 45, சோற்றில் இருந்து 40 என்று மொத்தமே சுமார் 85 மில்லிகிராம்தான் தேறும். தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே தட்டில் பாஸ்பரஸ் மட்டும் 850 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. கால்சியமும் பாஸ்பரஸும் ஒன்றுக்கு ஒன்றில் இருந்து இரண்டுக்கு ஒன்று வரைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, இங்கே ஒன்றுக்குப் பத்து என்று தலைகீழாக நிற்கிறது.

இதனால் உடம்புக்குள் என்ன நடக்கிறது? தசை சுருங்கவும், நரம்பு வேலை செய்யவும், இதயம் துடிக்கவும் ரத்தத்தில் கால்சியம் ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தே ஆகவேண்டும், அதில் உடம்பு சமரசமே செய்துகொள்ளாது. உணவில் இருந்து வராவிட்டால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு என்ற சிறு சுரப்பிகள் ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்பில் இருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்கு அனுப்பும். அதனால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே தெரியலாம், எலும்பு உள்ளுக்குள் மெலிந்துகொண்டே போகும். வளர்ந்த நாய் மாதக்கணக்கில் தாங்கும். குட்டி தாங்காது. அதன் எலும்பு அப்போதுதான் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது, வளரும் வயதில் 1,000 கலோரிக்கு 3,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். கோழிச் சோற்றில் மட்டும் வளரும் குட்டி நொண்டுவது, முன்னங்கால் வளைவது, சோபாவில் இருந்து குதித்ததற்கே எலும்பு முறிவது எல்லாம் இப்படி வருபவைதான். பாசமாகக் கறி வாங்கிச் சமைத்துப் போட்ட வீட்டில் இது நடக்கும்போது மனசு தாங்காது.

அப்படியென்றால் கால்சியம் பாட்டிலை வாங்கி ஊற்றிவிடலாமா? கலவைக் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும். நைசாக அரைத்த முட்டை ஓட்டுப் பொடி ஒரு டீஸ்பூனில் சுமார் 2,000 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மேலே சொன்ன தட்டில் அரை டீஸ்பூனை ஒட்டிப் போட்டால் விகிதம் வழிக்கு வரும், கோபுரமாக ஒரு ஸ்பூன் போட்டால் மறுபக்கம் தாண்டிவிடும். குட்டிகளில் இது இன்னும் சிக்கல். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளின் குடலுக்கு, போதும் என்று கால்சியத்தை நிறுத்தும் திறமை இன்னும் சரியாக வந்திருக்காது, கொடுத்ததில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எலும்பும் மூட்டும் வளரும் விதமே கெட்டுப்போகும், பெரிய உடம்பாக வளரும் குட்டிகளுக்கு ஆபத்து கூடுதல். ஏற்கெனவே கால்சியம் கணக்காகச் சேர்த்திருக்கும் பப்பி ஃபுட்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் கால்சியம் சிரப்பும் கொடுப்பது நம் ஊரில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். டாக்டர் ஒரு காரணத்துக்காக எழுதிக் கொடுத்தால் மட்டும் கொடுங்கள்.

தோலும் முடியும்: ஜிங்க் கதை

அதே தட்டுக்குத் திரும்புவோம். ஜிங்க் 20 மில்லிகிராம் வேண்டும், இருப்பது சுமார் 5. இது எல்லா நாய்க்கும் குறைவுதான், ஆனால் பனிப்பிரதேச இனங்களுக்கு இதில் தனி பலவீனம் உண்டு. ஜிங்க் பற்றாக்குறையால் வரும் தோல் நோய் ஹஸ்கியிலும் மாலமியூட்டிலும் அதிகம், சமோயெட்டிலும் வருகிறது. அந்த நாய்களில் சிலவற்றின் குடல் ஜிங்கைச் சரியாக உறிஞ்சுவதில்லை, உணவில் போதுமான அளவு இருந்தாலும்கூட.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்றால், முதலில் கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் முடி மெலிந்து தோல் சிவக்கும், அப்புறம் சாம்பலோ மஞ்சளோ கலந்த பொருக்கு கட்டும், உரித்தால் அடியில் ஈரமாக இருக்கும். பாதத்தின் அடிப்பகுதி தடித்து வெடிக்கும், முழங்கையிலும் பொருக்கு வரலாம். வெள்ளை நாய் என்பதால் கண் ஓரத்துச் சிவப்பு சீக்கிரம் தெரியும், அது ஒரு வசதி. பலர் இதைப் பூஞ்சை என்று நினைத்து ஷாம்பூ மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இதிலும் ஒரு விகிதம் ஒளிந்திருக்கிறது. தானியங்களின் தவிட்டிலும் பருப்பிலும் ஃபைட்டேட் என்ற ஒரு பொருள் இருக்கிறது, அது ஜிங்கைப் பிடித்துவைத்துக்கொண்டு குடலில் ஏறவிடாது. அளவுக்கு மீறிய கால்சியமும் ஜிங்க் உள்ளே போவதைத் தடுக்கும். ஆக, எலும்புக்கு நல்லது என்று தினமும் ஊற்றிய சிரப் கடைசியில் தோலில் வந்து நிற்கக்கூடும். இதற்கு நீங்களாக ஜிங்க் மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம், அதிகமானால் ரத்த சிவப்பணுக்களையே உடைத்துவிடும். தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்துகொண்டு டாக்டர் அளவு சொல்லட்டும்.

சமோயெட்டின் முடி இரண்டடுக்கு. மேலே நீண்ட விறைப்பான முடி, அடியில் பஞ்சு மாதிரி அடிமயிர். முடி என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம், அதனால் பருவம் மாறி அடிமயிர் மொத்தமாக உதிர்ந்து திரும்ப முளைக்கும் நேரத்தில் தரமான புரதத்துக்குத் தேவை கூடும். பளபளப்புக்கும் தோல் அரிப்பு அடங்கவும் உதவுவது ஒமேகா 3 என்ற கொழுப்பு வகை. அது மீன் எண்ணெயில் இருந்து வந்தால் நாயின் உடம்புக்கு நேரடியாகப் பயன்படும், ஆளிவிதையில் இருப்பதை நாயின் உடம்பு கொஞ்சம்தான் மாற்றிக்கொள்ளும். வாரத்தில் ஓரிரு நாள் முள் நீக்கி வேகவைத்த மத்தி மீன் கொஞ்சம் கொடுத்தால் நல்லது, விலையும் கட்டுப்படியாகும்.

சுருக்கமாக: கோழிச் சோற்றில் புரதம் தாராளம், கால்சியமும் ஜிங்கும் பற்றாக்குறை. குறைவதைச் சேர்க்கும்போது அளவு தாண்டினால் இன்னொன்று கெடும்.

எவ்வளவு போடுவது

உள்ளே என்ன இருக்கிறது என்பது ஒரு கணக்கு, மொத்தம் எவ்வளவு என்பது இன்னொன்று. வளர்ந்த ஆண் சமோயெட் 20 முதல் 30 கிலோ, பெண் 16 முதல் 23 கிலோ இருக்கும். சும்மா படுத்திருந்தாலே உடம்பு எரிக்கும் சக்தியைக் கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் இருக்கிறது, மொபைல் கால்குலேட்டர் போதும். எடையை அதே எடையால் இரண்டு முறை பெருக்குங்கள், வந்த எண்ணுக்கு வர்க்கமூலத்தை இரண்டு முறை அழுத்துங்கள், 70-ஆல் பெருக்குங்கள். 22 கிலோ நாய் என்றால் 22 பெருக்கல் 22 பெருக்கல் 22, அதாவது 10,648. வர்க்கமூலம் 103.2, மறுபடி வர்க்கமூலம் 10.16. எழுபதால் பெருக்கினால் சுமார் 711 கலோரி.

கருத்தடை செய்த, சாதாரணமாக நடமாடும் நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்கலாம் என்பது வழக்கம், 1,138 வரும். அதிகம் அசையாத ஃபிளாட் நாய்க்கு 1.4 போதும், 1,000-ஐ ஒட்டி நிற்கும். நாலு மாதம் தாண்டிய குட்டிக்கு 2, அதற்கும் சின்னக் குட்டிக்கு 3. இது ஆரம்பப் புள்ளி மட்டுமே, இரண்டு மூன்று வாரம் எடையைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். மூட்டையில் கிலோவுக்கு 3,700 கலோரி என்று போட்டிருந்தால் 1,000 கலோரிக்கு 270 கிராம். கப்பில் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கப்பில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு வரும்.

ட்ரீட் என்ற பெயரில் போகும் நொறுக்குத்தீனி எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 1,000 கலோரி நாய்க்கு 100 கலோரி. டீ குடிக்கும்போது நீட்டும் சின்ன குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்றே 20 கலோரிக்கு மேல். அப்பா இரண்டு, பாட்டி இரண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஒன்று கொடுத்தால் அன்றைய கணக்கு முடிந்தது, யார் கொடுத்தது யாருக்குத் தெரியும். வேகவைத்த முட்டை ஒன்று 70 கலோரி சொச்சம். கேரட், வெள்ளரித் துண்டுகள் இந்த விஷயத்தில் உத்தமம்.

சமோயெட்டில் ஒரு சிக்கல், அந்த முடிக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாது. கையால்தான் பார்க்கவேண்டும். இரண்டு கையையும் விலாவில் வைத்து, விரல் முடிக்குள் இறங்கித் தோலைத் தொடும்வரை அழுத்திப் பாருங்கள். லேசான அழுத்தத்திலேயே விலா எலும்புகள் தனித்தனியாகத் தட்டுப்பட்டால் சரி, தேடவேண்டி இருந்தால் எடை கூடுதல், அழுத்தாமலே குத்தினால் மெலிவு. குளிப்பாட்டி முடி நனைந்திருக்கும்போது மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்குவது தெரியவேண்டும்.

மெலிதாக வைத்திருப்பது அழகுக்காக இல்லை. லாப்ரடார் நாய்கள் 48-ஐக் குட்டியில் இருந்து கடைசி வரை பின்தொடர்ந்து, பாதி நாய்களுக்குக் கால்வாசிச் சாப்பாட்டைக் குறைத்துக் கொடுத்த ஒரு ஆய்வு 2002-ல் வெளிவந்தது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ 1.8 வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளிப்போனது. இடுப்பு மூட்டுக் கோளாறு வரக்கூடிய சமோயெட்டுக்கு இது இன்னும் பொருந்தும். அதோடு, நாய்களில் சர்க்கரை நோய் அதிகம் வரும் இனங்களில் சமோயெட்டும் ஒன்று என்று ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. இது பெரும்பாலும் மரபு சார்ந்தது, நல்ல உணவு கொடுத்தாலே வராது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அதிக எடையும், கொழுப்பான சாப்பாட்டால் தூண்டப்படும் கணைய அழற்சியும் நிலைமையை மோசமாக்கும். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் போய், நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

மூட்டையில் எதைப் படிக்க வேண்டும்

முன்பக்கப் படத்தை விடுங்கள். பின்பக்கம் இரண்டு விஷயம் தேடுங்கள்: இது முழுமையான, சரிவிகித உணவு என்று ஆஃப்கோ அல்லது ஃபெடியாஃப் அளவுகளைச் சுட்டி எழுதியிருக்கிறதா, எந்த வயதுக்கு என்று போட்டிருக்கிறதா. முழுமையான உணவு என்று இல்லாமல் துணை உணவு என்று இருந்தால் அதை மட்டும் வைத்து நாயை வளர்க்க முடியாது, கிரேவி பாக்கெட்டுகள் சில அந்த ரகம்.

புரதச் சதவீதத்தை ஒப்பிடும்போது ஈரத்தைக் கழித்துப் பாருங்கள். டின் உணவில் 10 சதவீதம் புரதம், 78 சதவீதம் ஈரம் என்றால் மீதி இருக்கும் 22-ல் பத்து புரதம், அதாவது 45 சதவீதம். அது குறைந்த புரதம் இல்லை. தானியம் சேர்க்காதது என்று கூடுதல் விலைக்கு விற்பதைத் தேடிப் போகவேண்டிய காரணம் பெரும்பாலான நாய்களுக்கு இல்லை. பட்டாணி, பருப்பு அதிகமுள்ள அத்தகைய உணவுகளுக்கும் ஒருவகை இதய நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-ல் விசாரணையே தொடங்கியது. தொடர்பு நிரூபணம் ஆகவில்லை, ஆனால் அந்த உணவு உசத்தி என்பதற்கும் ஆதாரம் கிடையாது.

வீட்டிலேயே சமைக்கிறவர்களுக்கு

சமைத்துப் போடுவது தப்பே இல்லை, சரியாகச் செய்தால் நாய் நன்றாகவே இருக்கும். ஆனால் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சோதித்து 2013-ல் வெளியிட்டபோது, 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு அவசியச் சத்தாவது குறைவாக இருந்தது. அதில் கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் அடக்கம். இன்று கோழி, நாளை முட்டை, மறுநாள் மீன் என்று மாற்றிப் போட்டால் எல்லாம் நிரவிக்கொள்ளும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் எல்லாத் தட்டிலும் அதே கால்சியமும் ஜிங்கும் குறைந்தால் மாற்றி என்ன பயன்.

"தினமும் மொட்டை மாடியில் வெயில் காய்கிறதே, வைட்டமின் டி வந்துவிடும்" என்பது இன்னொரு நம்பிக்கை. நம் தோல் வெயிலில் செய்வதுபோல நாயின் தோலால் போதுமான வைட்டமின் டி செய்ய முடியாது. உணவில் இருந்துதான் வரவேண்டும், கோழியிலும் சோற்றிலும் அது பெயருக்குத்தான் இருக்கிறது. ஆகவே வீட்டுச் சமையல் என்று முடிவு செய்தால், நாயின் எடை, வயது, ரத்தப் பரிசோதனையோடு கால்நடை ஊட்டச்சத்து தெரிந்த ஒரு டாக்டரிடம் குறிப்பு வாங்கி, அதற்கென்று இருக்கும் தாது வைட்டமின் கலவைப் பொடியை அவர் சொன்ன அளவில் சேர்த்து, குறிப்பை நம் வசதிக்கு மாற்றாமல் செய்யவேண்டும். அது முடியாதென்றால் பேசாமல் முழுமையான டாக் ஃபுட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பத்து சதவீதக் கணக்குக்குள் கோழி, முட்டை, பரங்கிக்காய் என்று மேலே சேருங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான்.

சைவ வீடுகளில் கேட்பார்கள், தயிர் சோறு போதுமா என்று. போதாது. பூனையைப் போல இல்லாமல் நாயால் கறி இல்லாமலும் வாழ முடியும், ஆனால் அதற்கென்றே வடிவமைத்த உணவாக இருக்கவேண்டும்.

குழம்பு மீந்தது, பிரியாணி மீந்தது எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் கொடுத்தாலும் சேரும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தை அடிக்கும், பாயசத்தில் கிடப்பதும் சேர்த்துத்தான். சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டாலும் உயிருக்கே ஆபத்து. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

நம் ஊர் வெயிலில்

சென்னை, மதுரை மாதிரி ஊர்களில் சமோயெட் வளர்ப்பவர்கள் சித்திரை வைகாசியில் பதறுவது "சாப்பிட மாட்டேங்குது" என்றுதான். நடை குறைந்து நாள் முழுக்க டைல்ஸ் தரையில் படுத்திருக்கும் நாய்க்குத் தேவையும் குறைகிறது, தட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்தால் அது கணக்குத் தெரிந்துதான் வைக்கிறது. சுறுசுறுப்பாக இருந்து, எடை நின்று, தண்ணீர் குடித்தால் கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள், நெய் ஊற்றி ஆசை காட்டாதீர்கள். விடிகாலையிலும் இரவிலும் சாப்பாடு வையுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடவே இல்லை, சோர்ந்து கிடக்கிறது, மூச்சு அடங்காமல் வாங்குகிறது என்றால் அது வேறு, உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.

தண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்ற கணக்கில் 22 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டும், வெயிலில் இன்னும் கூடும். உலர் உணவில் ஈரம் பத்து சதவீதம்தான், ஆகவே அதோடு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கொடுக்கலாம்.

உணவை மாற்றுவதாக இருந்தால் ஒரேயடியாக மாற்றவேண்டாம். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதுசு, அடுத்த இரண்டு நாள் பாதி, அப்புறம் முக்கால் என்று ஒரு வாரம் பத்து நாளில் முழுசாக மாற்றுங்கள். இடையில் மலம் இளகினால் முந்தைய கட்டத்துக்குப் போய் இரண்டு நாள் நில்லுங்கள், அதற்கும் அடங்காவிட்டாலோ ரத்தம் தெரிந்தாலோ, சாப்பாட்டுப் பாக்கெட்டையும் மொபைலில் படம் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், என்ன போட்டீர்கள், எத்தனை கிராம் என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.